கெடாத் தோட்டங்களில் முதியோர் கல்வி: அன்றும் இன்றும்



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. பிள்ளைகளை நன்கு வளர்க்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன பழமொழி அது. ஆனால் நம் தோட்டங்களில் அது வேறொரு வேலைக்கும் பயன்பட்டு வந்திருக்கிறது. முப்பது வயதான ஒருவர் மாலையில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும். "இனிமேல் படித்துக் கிராணி வேலைக்கா போகப் போகிறாய்?" என்று யாராவது சிரிப்பார்கள். அவரும் வெட்கப்பட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு மரம் சொல்லித்தரும் பாடம் வேறு. வெட்டி முடித்த பட்டையைச் சில ஆண்டுகள் தொடாமல் விட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை வளர்கிறது. முதல்முறை காயம் படாமல் வெட்டியிருந்தால் அதே பக்கத்தில் மீண்டும் கத்தி வைக்கிறோம். மீண்டும் பால் வருகிறது. ஒருமுறை வெட்டிய மரம் அத்தோடு முடிந்தது என்று எந்தத் தோட்டத்திலும் எவரும் சொன்னதில்லை. மனிதனைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்வது நியாயமா?

வயது வந்தவர்கள் மீண்டும் படிப்பது பற்றியும், அதனால் புதிய தொழில்களுக்குப் போகும் வழி பற்றியும் இன்று பேசுவோம். இதை அறிவுரையாகச் சொல்லாமல் வரலாறாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் கெடாத் தோட்டங்களின் கடந்த நூறாண்டுக் கதையைப் புரட்டினால் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. தோட்டத்தில் தொழில் மாறிய ஒவ்வொரு தடவையும் நம்மில் பலர் வழியின்றி நின்றனர். அவர்களிடம் கைத்திறன் இல்லாமல் இல்லை. அந்தத் திறனுக்குச் சான்று கூறும் தாள் ஒன்று இல்லாததே அவர்களுடைய குறை.

முதலில் தொடக்க காலத்தைப் பார்ப்போம். 1909ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் சயாம் நாட்டினரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் கெடா ஆங்கிலேயர் ஆதிக்கத்தின் கீழ் வந்தது. அதையொட்டி ரப்பர்த் தோட்டங்கள் வேகமாகப் பரவின. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் ஆகிய ஊர்கள் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர்களே. தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்களைக் கொண்டுவர 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி பணம் கொடுத்தது. 1938இல் இந்திய அரசு, பிறர் செலவில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்யும்வரை இந்த வரத்து நீடித்தது.

அப்படி வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி எப்படி வந்தது? கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று முதலாளியைப் பணித்தது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். எனினும் இங்கு எழுந்த தோட்டப் பள்ளிகளும் ஏறத்தாழ அதே மாதிரியில்தான் அமைந்தன. லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். எழுத்தும் கணக்கும் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்பதே அன்றைய எண்ணம். அதற்கு மேல் படித்தால் பிள்ளை காட்டுக்கு வரமாட்டான் என்ற அச்சமும் இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றியே அந்தச் சட்டம் பேசியது. அந்த வயதைத் தாண்டியவன் படிக்க விரும்பினால் என்ன செய்வது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே வயது வந்தோர் கல்வியைத் தோட்டத்து மக்கள் தாங்களாகவே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்', 1935இல் தோன்றிய 'தமிழ் முரசு' ஆகிய நாளிதழ்கள் தோட்டங்களுக்குள் வந்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். அதுவே பல தோட்டங்களில் முதல் முதியோர் வகுப்பு எனலாம்.

ஜப்பானியர் ஆட்சியின் கொடுமைகளைத் தாண்டி, 1945இல் போர் முடிந்தபின் கெடாவில் ஒரு பெரும் எழுச்சி உண்டாயிற்று. பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி முன்னின்று நடத்திய தொண்டர் படை அது. இளைஞர்கள் வரிசையாக அணிவகுத்தார்கள், கள்ளுக்கடைகளை மறித்தார்கள், குடியை விடும்படி தோட்டம் தோட்டமாகச் சென்று வேண்டினார்கள். 1947இன் முதல் மாதங்களில் பீடோங்கிலும் மற்றத் தோட்டங்களிலும் போலீசாரோடு மோதல் மூண்டு உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அந்த இயக்கம் அடக்கப்பட்டது.

கல்வியைப் பற்றிப் பேசும்போது தொண்டர் படையை ஏன் நினைவுகூர்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். படிக்க விரும்பும் தொழிலாளிக்கு முதலில் தேவைப்படுவது மாலைப்பொழுது. விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, மங்கு மங்காகப் பால் சேர்த்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்தவனுக்கு மிஞ்சுவது அந்த மாலை ஒன்றுதான். அந்தப் பொழுதைக் கள்ளுக்கடை விழுங்கிக்கொண்டிருந்தது. கெடாத் தொண்டர்கள் மீட்க முயன்றது கூலியை மட்டுமன்று, நம் மாலைப்பொழுதையும்தான்.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பி. பி. நாராயணன் அதன் தலைவர்களில் முதன்மையானவர். அந்தக் காலத்துச் சம்பள ஒப்பந்தங்களில் ரப்பர் விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் கூலியும் இறங்கும் என்ற ஏற்பாடு இருந்தது. ஆகவே விலையைப் பத்திரிகையில் பார்க்கவும், அதற்குரிய கூலியைக் கணக்கிடவும், கூட்டக் குறிப்பு எழுதவும் தெரிந்தவர்கள் கிளைகளுக்குத் தேவைப்பட்டார்கள். தொடக்கப் பள்ளியோடு நின்றுபோன பல தொழிலாளர்கள் சங்க வேலைக்காகவே மீண்டும் எழுதப் படிக்கப் பழகினார்கள். படிப்பு கைக்கு வந்ததும், நிறுவைத் தாளில் வரும் பிழையைச் சுட்டிக்காட்டும் துணிவும் கூடவே வந்தது.

அடுத்து வந்த ஆண்டுகள், படிப்பில்லாமையின் விலை எவ்வளவு என்பதைக் கசப்போடு காட்டின. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி திறந்தது. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மலாய்மொழித் தேர்வு கிடையாது. அதன்பின் விண்ணப்பித்தவர்கள் எளிய மலாய் அறிவைக் காட்ட வேண்டியிருந்தது. படிவத்தை நிரப்பத் தெரியாமலும், அதன் அவசியம் புரியாமலும், ஒருநாள் கூலியை இழந்து பட்டணத்துக்குப் போக மனமில்லாமலும் பலர் வாளாவிருந்துவிட்டார்கள். 1968இல் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், வேலை அனுமதி இல்லாத நிலையில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டுச் சென்றதாக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. வாழ்நாள் முழுவதும் இம்மண்ணில் மரம் வெட்டியவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு தாள் இல்லாததன் விலை அது.

அதே காலத்தில் வேறொரு புயலும் வீசியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். லயங்கள் காலியாயின. இதைத் தடுக்க 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்காளிகள் ஆனார்கள். அச்சங்கம் 1961இல் முதன்முதலாக வாங்கிய தோட்டம் நம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் என்பது நமக்குப் பெருமை. வெட்டுக்கத்தி பிடித்தவர்களே தோட்டத்துக்குப் பங்காளிகளான கதை அது. ஆனால் பங்காளியானவன் வரவு செலவுக் கணக்கை வாசிக்கத் தெரிந்தவனாகவும் இருக்க வேண்டும் அல்லவா? கூட்டுறவும் நமக்குப் படிப்பின் தேவையையே உணர்த்தியது.

1961ஆம் ஆண்டிலேயே அரசாங்கமும் கிராம வளர்ச்சித் துறையின் கீழ் முதியோர் கல்வி வகுப்புகளை விரிவாகத் தொடங்கியது. பின்னாளில் 'கெமாஸ்' என்ற பெயரில் நாம் அறிந்த அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததே. எழுத்தறிவும், ரூமி எழுத்தில் தேசிய மொழியும், தையல், சமையல் போன்ற கைத்தொழில்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. எனினும் அவ்வகுப்புகள் பெரும்பாலும் கம்பங்களை நோக்கியவை. தோட்டத்து லயங்கள் தனியார் நிலத்தில் இருந்தமையால் அந்த நன்மை நம்மை முழுமையாக வந்தடையவில்லை.

தோட்டத்துக்குள்ளேயே படிப்பால் மேலேறும் ஏணி ஒன்றும் இருந்தது. பாலாலைகளிலும், பின்னர் செம்பனை ஆலைகளிலும் ஆவிக் கொதிகலன் உண்டு. தவறாகக் கையாண்டால் வெடித்து உயிரைக் குடிக்கும் இயந்திரம் அது. ஆகவே அதைக் கவனிப்பவருக்குத் தகுதிச் சான்று இருக்க வேண்டும் என்பது சட்டம். 1967இல் இயற்றப்பட்ட ஆலைகள், இயந்திரங்கள் சட்டத்தின் கீழ் இதற்கென்று தேர்வுகள் நடந்தன. கொதிகலன் அடியில் சில ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர், பாதுகாப்பு விதிகளையும் அழுத்தம், வெப்பம் பற்றிய அடிப்படைகளையும் படித்துத் தேர்வு எழுதலாம். தேறியவர் கூலியாள் அல்லர்; சான்று பெற்ற ஓட்டுநர். அதே கொதிகலனை அவரைவிட நன்றாக அறிந்திருந்தும் தேர்வுக்குப் போகாதவர் கூலியாளாகவே இருந்தார். இருவருக்கும் நடுவே இருந்தது அந்தத் தாள் ஒன்றே.

இனி நாம் பல்கலைக்கழகத்தின் பக்கம் வருவோம். 1969இல் பினாங்கில் தொடங்கிய பல்கலைக்கழகமே இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். வேலை பார்ப்பவர்கள் வீட்டிலிருந்தபடியே பட்டம் படிக்கும் திட்டத்தை அது 1971இல் தொடங்கியது. இந்த நாட்டில் தொலைக் கல்விக்கு அதுவே தொடக்கம். பாடங்கள் தபாலில் வரும். விடுமுறைக் காலத்தில் நேரடி வகுப்பு நடக்கும். கெடாவிலும் பினாங்கிலும் பணியாற்றிய ஆசிரியர்கள் பகலில் பிள்ளைகளுக்குக் கற்பித்து, இரவில் தாங்களே மாணவர்களாகிப் பட்டதாரிகள் ஆனார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய புதுமை அன்று. பிரிட்டனில் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் அரச சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் பாடம் தொடங்கியது. முன் தேர்வுச் சான்று எதையும் கேட்காமல் அது மாணவர்களைச் சேர்த்தது. வானொலியும் தொலைக்காட்சியும் அதன் வகுப்பறைகள் ஆயின. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கின. ஆக, ஒரே காலத்தில் பல நாடுகளிலும் ஒரே எண்ணம் தோன்றியது. பள்ளிக்கூடத்தைத் தவறவிட்டவனுக்கு இன்னொரு வாய்ப்புத் தருவது தருமம் மட்டுமன்று, நாட்டுக்கு ஆதாயமும் ஆகும் என்பதே அந்த எண்ணம்.

இந்தத் துறையில் உலகப் புகழ் பெற்ற தமிழர் ஒருவர் நம் நாட்டவர் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். அவர் கஜராஜ் தனராஜன். பினாங்குப் பல்கலைக்கழகத்தின் தொலைக் கல்விப் பணியில் ஈடுபட்ட அவர், பின்னர் ஹாங்காங்கின் திறந்தநிலைக் கல்விக் கழகத்துக்குத் தலைமை தாங்கினார். 1995 முதல் 2004 வரை காமன்வெல்த் கல்வி அமைப்பின் தலைவராக இருந்தார். நாடு திரும்பியபின் பினாங்கில் வாவாசான் திறந்த பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்த அப்பல்கலைக்கழகம், வேலை செய்யும் பெரியவர்களுக்கென்றே அமைந்தது. 2000இல் தோன்றிய மலேசியத் திறந்த பல்கலைக்கழகமும் அத்தகையதே.

படித்த விதத்துக்காக இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1936இல் ஜொகூர் குளுவாங்கில் ரப்பர்த் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ச. சாமிவேலு, இளமையில் நம் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். உழைத்துக்கொண்டே கட்டடக்கலை பயின்று கட்டடக்கலைஞர் ஆனவர். அரசியலில் அவரைப் பற்றிப் பலருக்கும் பல கருத்துகள் உண்டு. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அந்த மாலைநேரப் படிப்பை மட்டுமே. அவர் தலைமையில் 1984இல் அமைந்த கல்வி அறநிதியம் வழியாக 2001இல் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடாவில் தோன்றியது. அதன் வளாகம் இன்று பீடோங்கை அடுத்த செமிலிங்கில் இருக்கிறது. 1947இல் கள்ளுக்கடையை மறித்த வட்டாரத்தில் இன்று பல்கலைக்கழகம் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கையில் நெஞ்சம் நிறைகிறது.

ஆனால் நேயர்களே, பல்கலைக்கழகம் பக்கத்தில் வந்துவிட்டதால் மட்டும் தோட்டத்துக் குடும்பத்தின் நிலை மாறிவிடாது. நம் வாழ்வைப் புரட்டிப்போட்ட மாற்றம் வேறு. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவாகவே வேண்டும். பின்னர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பட்டணத்தை அடுத்த தோட்டங்கள் வீடமைப்புத் தாமான்களாக மாறின. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் உருவாகி, மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. பிறையிலும் சுங்கைப் பட்டாணியிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தாய் வெட்டுக்கத்தியோடு காட்டுக்குப் போக, மகள் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்றாள்.

தோட்டம் மூடியபோது லயத்தை விட்டு வெளியேறியவர்களில் நாற்பது, ஐம்பது வயதினர் பலர். அவர்கள் போய்ச் சேர்ந்த வேலைகள் எவை? காவல் வேலை, துப்புரவு வேலை, நாள்கூலிக்குப் புல்வெட்டும் வேலை. அந்த வேலைகளில் இழிவு ஏதுமில்லை. ஆனால் அவர்களுள் தோட்டத்து லாரிகளைப் பிரித்து மாட்டிய மெக்கானிக்குகள் இருந்தார்கள். லயங்களுக்கு மின்கம்பி இழுத்தவர்கள் இருந்தார்கள். ஆயாக் கொட்டகையில் ஒரே நேரத்தில் இருபது குழந்தைகளைக் காத்த ஆயாமார் இருந்தார்கள். அந்தத் திறனெல்லாம் தோட்டத்து வாயிலோடு நின்றுபோயிற்று. கையில் தாள் இல்லை.

இங்கேதான் சட்டம் நமக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. இதைப் பலர் இன்னும் அறியவில்லை. 2006ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டம், மலேசியத் திறன் சான்றிதழுக்குச் சட்ட அடிப்படை தந்தது. 'எஸ்.கே.எம்.' என்று நாம் சொல்வது இதைத்தான். இதில் முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. இதைப் பெற மூன்று வழிகள் உண்டு. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படிப்பது ஒன்று. வேலையிடத்திலும் வகுப்பிலும் மாறி மாறிப் பயில்வது இரண்டாவது. மூன்றாவதே நமக்கு முக்கியமானது. ஏற்கெனவே பெற்ற அனுபவத்துக்கு அங்கீகாரம் தரும் முறை அது. மலாயில் அதைச் சுருக்கமாகப் 'பி.பி.தி.' என்பார்கள்.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். பதினைந்து ஆண்டுகளாகத் தோட்டத்துப் பணிமனையில் பற்றவைப்பு வேலை செய்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் இரண்டாண்டு பயிற்சிக்குப் போக வேண்டியதில்லை. அந்தத் தொழிலுக்கு வகுத்துள்ள தரப் பட்டியலை வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் சொல்லியுள்ள ஒவ்வொரு வேலையையும் தாம் செய்ததற்குச் சான்று திரட்ட வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, முதலாளியின் கடிதம், தாம் செய்த வேலையின் படங்கள் ஆகியவற்றை ஒழுங்காகக் கோப்பில் அடுக்க வேண்டும். மதிப்பீட்டு அதிகாரி அதைப் பார்த்து, கேள்வி கேட்டு, செய்துகாட்டச் சொல்வார். திறன் இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். குறையிருந்தால் அந்தக் குறையை மட்டும் பயின்று வரலாம்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நாம் படிப்பைக் கேலி செய்து வந்தோம். தோட்டத்தில் விளைந்த சுரைக்காய்க்குத்தான் இப்போது ஏடு எழுதித் தருகிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்லலாமா?

பட்டப் படிப்பிலும் இதே கொள்கை வந்திருக்கிறது. 2007இல் அமைந்த மலேசியக் கல்வித்தகுதி அமைப்பு, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளில் போதிய தகுதி இல்லாதவரையும் வேலை அனுபவத்தின் அடிப்படையில் உயர்கல்விக்கு ஏற்க வழிவகுத்துள்ளது. 'ஏப்பல்' என்பது அதன் பெயர். 21 வயதைக் கடந்து, படிக்க விரும்பும் துறைக்குப் பொருத்தமான அனுபவம் உள்ளவர், தேர்வும் அனுபவக் கோப்பும் கொடுத்துத் தேறினால் இளங்கலைப் படிப்பில் சேரலாம். அந்த அளவுக்கு ஏற விரும்பாதவர்களுக்குச் சமூகக் கல்லூரிகள் உண்டு. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் உள்ள சமூகக் கல்லூரிகள் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகின்றன. எஸ்.பி.எம். தேர்வைத் தனித் தேர்வாளராக எழுதும் பழைய வழியும் இருக்கிறது.

பெரியவர்கள் படித்தால் பிழைப்பு மாறுமா என்று இன்னும் ஐயமா? தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தைப் பாருங்கள். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தீவிரமாக நடந்தது. எழுத்தறியாத கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மாலை வகுப்புக்கு வந்தார்கள். வகுப்புக்குப் போகவும் வரவும் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். கல்லுடைக்கும் கூலிகளாக இருந்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கற்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து, தாங்களே கணக்கு வைத்து நடத்தினார்கள். சம்மட்டி பிடித்த கையேதான் பேனாவும் பிடித்தது. நம் பால்மரக் காட்டுப் பெண்கள் அவர்களுக்கு எவ்விதத்தில் குறைந்தவர்கள்?

நல்லதைச் சொன்னதோடு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். படிப்பின் பெயரால் பணம் பறிப்பவர்களும் உண்டு. எந்தக் கல்லூரியில் சேர்வதற்கு முன்பும், அந்தப் படிப்பு மலேசியக் கல்வித்தகுதிப் பதிவேட்டில் உள்ளதா, திறன் பயிற்சியானால் அந்த மையத்துக்குத் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்கிச் சேராதீர்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து உயர்கல்விக்குப் பணம் எடுக்க வழியுண்டு. விதிமுறையை நிதியத்தின் அலுவலகத்திலேயே கேளுங்கள். தாள் வந்தவுடன் வேலை தானாக வரும் என்றும் நாம் சொல்ல மாட்டோம். தாள் இருந்தால் வரிசையில் நிற்க இடம் கிடைக்கும். இல்லையென்றால் வரிசையிலேயே நிற்க விடமாட்டார்கள்.

இன்னொரு தடையும் உண்டு. அது வீட்டுக்குள் இருக்கிறது. தொழிற்சாலையில் முறை வேலை முடித்து வரும் தாய், சமைத்து, துவைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்தபின் புத்தகத்தை விரிக்க வேண்டும் என்றால் அது எத்தனை நாளைக்கு நடக்கும்? தந்தை படிப்பதைப் பார்த்துப் பள்ளி செல்லும் மகனே சிரித்தால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? தோட்டப் பள்ளியின் காலத்தில் படிப்பு நமக்குக் கிடைக்காமல் போனதற்குப் பிறரைக் குறை சொன்னோம். அதில் நியாயமும் இருந்தது. இன்று வாய்ப்பு வாசலில் நிற்கையில் தடை நம் வீட்டிலிருந்தே வந்தால் நாம் யாரைக் குறை சொல்வது?

ஆகவே இந்த உரையைக் கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ இன்றிரவு கேளுங்கள்: "நீங்கள் எந்தெந்த வேலை செய்தீர்கள்? எத்தனை ஆண்டுகள் செய்தீர்கள்?" அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதுங்கள். பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து அடுக்குங்கள். அந்தக் கோப்பின் முதல் பக்கம் அதுவே. பிறகு வாரத்தில் மூன்று மாலைகள், ஒரு மணி நேரம், வீட்டின் மேசையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள். அம்மாவுக்குப் பதிலாக அன்று பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள்.

நம் பாட்டன்மார் பட்ட துயரம், தாள் இல்லாமல் பட்ட துயரம். அவர்களுக்கு அன்று அந்தத் தாளைத் தர ஆளில்லை. இன்று தர ஆளிருக்கிறது. போய்க் கேட்கவேண்டியதுதான் நம் பங்கு. ஐம்பதில் வளையுமா என்று கேட்டவர்களுக்கு நம் தோட்டத்து மரம் சொன்ன மறுமொழியை நாமும் சொல்லிக்காட்டுவோம்.